இரண்டால் பெருக்கியவன்

சலூன்காரருக்கு வயது ஐம்பத்தெட்டு. தலையை மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னால் யாரும் நாற்பத்தைந்தைத் தாண்ட மாட்டார்கள். அவர் வயதுக்காரர்கள் நாலு முடியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, காற்றடித்தால் தலையைப் பொத்திக்கொண்டு நடக்கையில், இவர் மட்டும் பல் அகலமான சீப்பாகப் பார்த்து வாங்குவார். நாலைந்து வருடத்துக்கு முன்னால் இவருக்கும் உச்சியில் வழுக்கை விழுந்திருந்தது என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். அவர்களுக்காகவே கண்ணாடி ஓரத்தில் தன் பழைய போட்டோ ஒன்றைச் செருகி வைத்திருந்தார்.

நாற்காலியில் உட்காருகிறவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பின்னால் நிற்கும் அவர் தலையைத்தான் பார்ப்பான். பிறகு, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல், "அண்ணே, தலைக்கு என்ன போடறீங்க?" என்பான். சலூன்காரர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி இழுப்பறையைத் திறந்து ஒரு புட்டியை எடுத்து வைப்பார்.

"போடறது இல்ல, சாப்பிடறது. என் மச்சான் தயார் பண்றான். சுத்த மூலிகை. நானே தினம் ஒண்ணு சாப்பிடறேன், பாருங்க" என்று தலையைக் குனிந்து காட்டுவார்.

இதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? தாடியை எடுக்க வந்தவர் புட்டியோடு போவார்.

அந்த மச்சான், சலூன்காரரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. மருந்துக்கடையில் வெகுகாலம் கவுண்டரில் நின்றவன் என்பதால் எல்லோரும் அவனைக் கம்பவுண்டர் என்றே கூப்பிடுவார்கள். அப்படி ஒரு படிப்பை அவன் படித்ததில்லை என்பது வேறு விஷயம். தலைவலி என்று சொன்னால் போதும், நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணை இழுத்துப் பார்த்து, உங்கள் தாத்தா எதில் செத்தார் என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் மாத்திரையின் பெயரைச் சொல்வான். கடையைவிட்டு நின்ற பிறகு மூலிகைப் பொடி வியாபாரத்தில் இறங்கினான். பொடியைக் கேப்ஸ்யூலில் அடைக்கிற வேலை அக்காளுடையது. மத்தியான நேரத்தில் சலூன்காரரின் மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பச்சை நிறப் பொடியைச் சின்னச் சின்ன கேப்ஸ்யூல் கூடுகளில் நிரப்பி மூடுவார். அதில் விழுந்து விழுந்து உழைத்ததற்குக் காரணம், தம்பி எப்படியாவது தலையெடுத்துவிட வேண்டும் என்ற ஆசைதான்.

வாங்கியவர்களில் முதன்மையானவர் இன்ஜின் அண்ணன். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைநடுக்கம் வந்த பிறகு தானே சவரம் செய்துகொள்ள முடியாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சலூனுக்கு வருவார். வேறு யாரும் அவர் தொண்டையருகே கத்தியைக் கொண்டுபோக விடமாட்டார். "ஆயிரக்கணக்கான ஜனங்க என்னை நம்பிக் கண்ணை மூடித் தூங்கினாங்க. நான் கண்ணை மூடறது உன் ஒருத்தன்கிட்டதான்" என்பார். கேப்ஸ்யூல் சாப்பிட ஆரம்பித்த பிறகு அவருக்கு முடி வளர்ந்ததோ இல்லையோ, ராத்திரியில் சிறுநீருக்கு நாலு தடவை எழுந்தது ஒரு தடவையாகக் குறைந்துவிட்டதாம். அதையும் சலூன்காரர் ஒரு உபரிப் பலனாகச் சேர்த்துச் சொல்லி விற்றார். சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமைதான்.

இனி சொல்ல வேண்டியது அவருடைய அப்பாவைப் பற்றி. அப்பாவும் நாள் முழுக்க நின்று முடிவெட்டியவர். இடுப்பு வலிக்கிறது என்பார். நின்று நின்று வந்த வலி என்று தைலத்தைத் தேய்த்தார்கள். வருடக்கணக்கில் தேய்த்தார்கள். கடைசியில் பார்த்தால் வலியின் வேர் இடுப்பிலேயே இல்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆண்களுக்கு மட்டுமே இருக்கும் புராஸ்டேட் என்கிற சின்னச் சுரப்பியில் புற்றுநோய் வந்து, சத்தமில்லாமல் வளர்ந்து, முதுகெலும்புக்கு ஏறியிருந்தது. அப்போது அப்பாவைப் பார்த்த டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அப்பாவுக்கு வந்திருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு மத்தவங்களைவிடக் கூட. ஆரம்பத்துல வலிக்காது, ஒண்ணும் தெரியாது. வயசு ஏற ஏற ரத்தத்தைப் பார்த்துக்கிட்டே இருங்க."

சலூன்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஐம்பது பிறந்ததிலிருந்து வருடா வருடம் பி.எஸ்.ஏ. என்கிற அந்த ரத்தப் பரிசோதனை. ஊசியைக் கண்டால் அவருக்கு மயக்கம் வரும். கத்தியோடு வாழ்கிறவருக்கு ஊசி ஆகாது என்று சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. ஆகவே கம்பவுண்டர்தான் ஸ்கூட்டரில் உட்கார வைத்து அழைத்துப் போவான். கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அந்தப் பக்கம் பாருங்க, அந்தப் பக்கம்" என்பான். முடிவு வந்ததும் அவனே வாங்கிப் படித்து, "நார்மல் மாமா! நாலுக்குக் கீழ இருந்தா போதும், உங்களுது ரெண்டுதான்" என்பான். பிறகு இருவரும் எதிர்க்கடையில் டீ குடிப்பார்கள். கேப்ஸ்யூல் ஆரம்பித்ததற்கு அடுத்த வருடம் அந்த எண் ரெண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. "பார்த்தீங்களா, மூலிகை அதுக்கும் வேலை செய்யுது" என்றான் கம்பவுண்டர். அன்றைக்கு டீயோடு கேக்கும் வாங்கிக் கொடுத்தார் சலூன்காரர். தனக்குத் தம்பி இல்லாத குறையை இவன் தீர்த்துவிட்டான் என்று மனைவியிடம் சொன்னதும் அன்றைக்குத்தான்.

இந்த வருடம் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர், அப்பாவின் கதையைக் கேட்டதும், ரத்தம் மட்டும் போதாது, ஒருமுறை சிறுநீரியல் நிபுணரிடம் காட்டிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். நிபுணரைப் பார்க்கிற நாளில் கம்பவுண்டருக்கு வெளியூர் வேலை. சலூன்காரர் தனியாகப் போனார். போனால், நிபுணர் ஒரு பெண்.

டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு, விரலால் பரிசோதிக்க வேண்டும், பக்கவாட்டில் படுங்கள் என்றதும் சலூன்காரருக்குக் கதவு எந்தப் பக்கம் என்று கண் தேடியது.

"எங்க போகப் பார்க்கறீங்க?" என்றார் டாக்டரம்மா. "உங்க கடையில ஒரு நாளைக்கு எத்தனை பேர் கழுத்தைப் பிடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பறீங்க? அவங்கல்லாம் வெக்கப்படறாங்களா? இது என் வேலைங்க."

ஒரு மீசையை ஒதுக்குகிற நேரம்கூட ஆகவில்லை. ஆனால் கடைசியில் அவர் விரல் ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றது. சலூன்காரர் மனித முகங்களைக் கண்ணாடியில் பார்த்தே காலத்தைக் கழித்தவர். டாக்டரம்மா கை கழுவிவிட்டுத் திரும்பியபோது அந்த முகம் உள்ளே வந்தபோது பார்த்த முகமாக இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

டாக்டரம்மா பழைய முடிவுகளையெல்லாம் மேசைமேல் வரிசையாக வைத்தார். "கைக்கு ஒரு பக்கம் கல்லு மாதிரி தட்டுப்படுது. ஆனா நம்பரைப் பார்த்தா எல்லாமே நாலுக்குக் கீழ. ரெண்டும் ஒத்துப்போகலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஒரு தாளில் விரலை வைத்தார். "இதோ, இந்தப் பேப்பர்ல திடீர்னு பாதியா இறங்கியிருக்கு. அப்புறம் அங்கிருந்து வருஷா வருஷம் ஏறிக்கிட்டே வருது. ஒண்ணு புள்ளி ஒண்ணு, ஒண்ணு புள்ளி ஆறு, ரெண்டு புள்ளி நாலு, இப்ப மூணு புள்ளி மூணு. இறங்கின வருஷம் புதுசா ஏதாவது மருந்து ஆரம்பிச்சீங்களா?"

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. தலைமுடிக்கு மூலிகை மட்டும்."

டாக்டரம்மா நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் அந்த அப்பாவி மனுஷன். பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்து காட்டி, "வீட்டுக்காரருக்கு வேணும்னா சொல்லுங்க டாக்டர், என் மச்சான்தான் பண்றான்" என்றும் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தலைமுடிக்குன்னு ஒரு மாத்திரை உண்டு. அதையே அளவு கூட்டி புராஸ்டேட் வீக்கத்துக்கும் கொடுப்போம். நல்ல மருந்துதான். ஆனா அது இந்த பி.எஸ்.ஏ. நம்பரை ஏறக்குறையப் பாதியாக் காட்டும். அதைச் சாப்பிடறவங்க நம்பரை நாங்க ரெண்டால பெருக்கித்தான் பார்ப்போம். சாப்பிடறது எங்களுக்குத் தெரிஞ்சாத்தானே பெருக்க முடியும்?" என்றார். "எந்த மூலிகையும் நம்பரை இப்படிச் சரிபாதியா இறக்கி நான் பார்த்ததில்லை. அதுல என்ன கலந்திருக்குன்னு செய்யறவங்ககிட்டக் கேளுங்க. பொய் சொல்லாமச் சொல்லச் சொல்லுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சலூன்காரர் மச்சானுக்காகவே வாதாடிக்கொண்டு வந்தார். டாக்டருக்கெல்லாம் மூலிகை என்றால் இளக்காரம், யாரோ எவனோ செய்கிற தப்பை என் மச்சான் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், அவன் அப்படிப்பட்டவனா? வாசலில் செருப்பைக் கழற்றும்போது வழக்கையே ஜெயித்துவிட்டிருந்தார்.

மனைவி அடுப்படியில் நின்றார். "அந்தப் பொடியில இலையைத் தவிர வேற ஏதாவது சேக்கறீங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார் சலூன்காரர்.  மனைவி அடுப்பைக் குறைத்தார். குறைக்கிற அவசியம் ஒன்றும் இல்லை, அதில் தண்ணீர்தான் இருந்தது. 

"உன்னைத்தான் கேக்கறேன்."

"ஒரு மாத்திரை. தம்பி அட்டை அட்டையாக் கொண்டுவருவான். நான் மிக்ஸியில போட்டுப் பொடி பண்ணிக் கலந்துடுவேன். சத்து மாத்திரைன்னுதான் சொன்னான்."

"சத்து மாத்திரைன்னா எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"எதுவானாலும் இங்கிலீஷ் மாத்திரைன்னா நீங்க தொடமாட்டீங்க, கடையிலயும் விக்கமாட்டீங்கன்னு... 'மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா'ன்னான்."

நாலு வருடம். இதே அடுப்படியில், அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், அக்காளும் தம்பியுமாகச் சேர்ந்து அவர் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். அவரும் அந்தப் பூவோடு கடைக்குப் போய் ஊருக்கெல்லாம் தலையைக் குனிந்து காட்டியிருக்கிறார். கோபம் வருவதற்கு முன்னால் அவருக்கு வந்தது வெட்கம்தான்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் அந்தச் சுரப்பியிலிருந்து துணுக்குகள் எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். எலும்புகளையும் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கம்பவுண்டர் போன் செய்தான், இவர் எடுக்கவில்லை. கையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமலே ஊசி போட்டுக்கொண்டார், மயக்கமும் வரவில்லை.

முடிவைச் சொல்லும்போது டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "புற்றுநோய்தான். மெதுவா வளர்ற ரகமும் உண்டு. அதுக்குச் சிலபேருக்கு வைத்தியமே பண்ணாம வெறுமனே கண்காணிச்சுக்கிட்டே இருப்போம். உங்களுது அந்த ரகம் இல்ல, வேகமானது. சுரப்பியோட சுவரைக் கொஞ்சம் தாண்டியிருக்கு. ஆனா எலும்புக்குப் போகலை, அது நல்ல சேதி. ஊசி போட்டு ஆண் ஹார்மோனை அடக்கிவைப்போம், அதுதான் இந்த நோய்க்குச் சாப்பாடு. கூடவே ரேடியேஷன். குணமாக்கறதுக்காகத்தான் இந்த வைத்தியம், சும்மா நாளைக் கடத்த இல்ல. உடம்பு திடீர் திடீர்னு அனலாக் கொதிக்கும், அசதியா இருக்கும், ஆசாபாசம் குறையும். தாங்கிக்கணும்."

சலூன்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

 "இப்படி ஆகியே இருக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்த நம்பர் நாலைத் தாண்டினப்பவே தேடியிருப்போம். சுவருக்குள்ளயே இருக்கும்போது பிடிச்சிருக்கலாம். ஆபரேஷனோட முடிஞ்சிருக்கலாம். அந்த வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காமப் போச்சு" என்றார் டாக்டரம்மா. பிறகு எழுந்து கதவுவரை வந்து சொன்னார்: "உங்க கடையில வாங்கினவங்க இருக்காங்க இல்ல? ஐம்பது தாண்டினவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் நோய் இருக்கப்போறதில்ல. இதைச் சாப்பிட்டோம்னு அவங்கவங்க டாக்டர்கிட்டச் சொன்னா போதும். ஆனா சொல்லியே ஆகணும். உங்களைத் தவிர அவங்க யாரார்னு யாருக்குத் தெரியும்?"

கம்பவுண்டர் கடைக்கே வந்துவிட்டான். மத்தியானம், ஆளில்லாத நேரம். கையில் ஆப்பிள் பை. வந்தவன் பழக்கத்தில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். சலூன்காரரும் பழக்கத்தில் அவன் பின்னால் போய் நின்றார். இருவரும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, மனசை விட்டுடாதீங்க. இப்பல்லாம் இதுக்கு எவ்வளவோ மருந்து வந்துடுச்சு. நான் விசாரிச்சுட்டேன்."

"உனக்குத் தெரியுமா?"

"எது மாமா?"

"அந்த மாத்திரை நம்பரைப் பாதியாக் காட்டும்ங்கறது."

"அதெல்லாம்... டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க..."

"மருந்துக்கடையில அத்தனை வருஷம் நின்னவன் நீ. தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். சலூன்காரர் அந்தப் பதிலுக்காகத்தான் தவித்துக்கொண்டு நின்றார். அறியாமல் செய்துவிட்டேன் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு அறை அறைந்துவிட்டு அழுது தீர்த்திருப்பார். ஆனால் கம்பவுண்டருக்குத் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"என்ன மாமா, நான் கவனிக்காம விட்டுட்டேன்னு நினைக்கறீங்களா? உங்க மேல எனக்கு அக்கறை இல்லையா? ஒவ்வொரு வருஷமும் பேப்பரைக் கையில வாங்கினதும் மனசுக்குள்ள ரெண்டால பெருக்கிப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். முதல் வருஷம் ரெண்டு புள்ளி ரெண்டு வந்துச்சு, பயமில்ல. அடுத்து மூணு ரெண்டு, அதுவும் நாலுக்குக் கீழதான்..."

அவன் அங்கே நிறுத்தினான்.

"அதுக்கு அடுத்த வருஷம்?" என்றார் சலூன்காரர்.

கம்பவுண்டர் ஆப்பிள் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாலு. ரெண்டால பெருக்கினா என்ன வரும்? நீதான் கணக்குல புலியாச்சே. சொல்லு."

"நாலு எட்டு. கொஞ்சம்தான் மாமா தாண்டியிருந்துச்சு. சில சமயம் சும்மாவே கூடும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு..."

"அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னே?"

கம்பவுண்டர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தான்.

"நார்மல்னு சொன்னே. டீ குடிச்சோம். நீதான் வாங்கிக் கொடுத்தே. இந்த வருஷமும் அதையேதான் சொன்னே."

 பணத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால்கூடச் சலூன்காரருக்கு இப்படி வலித்திருக்காது. அப்பா எப்படிச் செத்தார் என்பது இவனுக்குத் தெரியும். அந்தச் சாவுக்குப் பயந்துதான் தான் வருடா வருடம் கையை நீட்டுகிறோம் என்பதும் தெரியும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே, காகிதத்தைப் பார்த்து, உள்ளுக்குள் சரியான விடையைப் போட்டு, அதை விழுங்கிவிட்டு, சிரித்த முகமாகத் தப்பான விடையைச் சொல்லியிருக்கிறான். எதற்காக? உண்மையைச் சொன்னால் மாத்திரை கலந்ததைச் சொல்ல வேண்டும், சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்பதற்காக. தன் உயிர் இவன் மனக்கணக்கில் வெறும் மீதியாகிப்போனதை நினைத்து அவருக்கு நெஞ்சு எரிந்தது.

"எழுந்து போடா" என்றார். "வாங்கினவங்க எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

கம்பவுண்டர் எழுந்தான். அதுவரை தழைந்திருந்த குரல் மாறியது. "சொல்லுங்க. ஆனா ஒண்ணு மாமா, எந்தப் புட்டியையும் நான் யார் கையிலயும் கொடுக்கலை. எல்லாம் உங்க இழுப்பறையிலருந்து போனது. உங்க தலையைப் பார்த்துத்தான் வாங்கினாங்க. என் மூஞ்சியைப் பார்த்து இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் வீட்டில் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தம்பி போன் செய்திருப்பான் போல. "உங்க கால்ல வேணாலும் விழறேங்க. வெளிய தெரிஞ்சா அவனைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க. ரெண்டு பொண்ணு வச்சிருக்கான். கேப்ஸ்யூலை நிறுத்திட்டோம்னு சொல்லிடுங்க, காரணம் எதுக்கு?"

"நான் செத்தாலும் உனக்கு உன் தம்பிதான் முக்கியம், இல்ல?"

"அப்படிச் சொல்லாதீங்க. வேணும்னா பண்ணான்?"

 சலூன்காரர் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "இந்த மாத்திரை சில ஆம்பளைங்களுக்கு ஆசையைக் குறைச்சிடுமாம். டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சு நானே என்னைச் சமாதானப்படுத்திக்கிட்டேன்."

மனைவி அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். "நான் என்னைத்தான் உங்களுக்குப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன்" என்றார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தன் கையாலேயே அரைத்துக் கொடுத்ததை நினைத்து அழுதாரா, தம்பி தன்னையும் ஏமாற்றியதை நினைத்தா, தெரியவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது மறுபடியும் அதையேதான் சொன்னார். "ஆனாலும் அவன் என் தம்பிங்க." 

மறுநாள் காலையில் முதல் ஹார்மோன் ஊசியைப் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் கடையைத் திறக்காமல் வீட்டில் கிடந்தார். கம்பவுண்டர் கடைசியாகச் சொன்னதையே மனம் அசைபோட்டது. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் அவரைக் குடைந்தது. வாயைத் திறந்தால் முதலில் போவது அவன் பெயரல்ல, இவர் பெயர். இந்தத் தெருவில் அவருக்கென்று சேர்ந்ததெல்லாம் அந்தப் பெயர் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் கடையைத் திறந்ததும் இன்ஜின் அண்ணன் வந்தார். பெஞ்சில் அடுத்த ஆளாகத் துணிக்கடைக்காரர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரும் புட்டி வாங்குகிறவர்தான். சலூன்காரர் இழுப்பறையைத் திறந்து மூடினார். கத்தியில் பிளேடை மாற்றினார். போர்வையைக் கட்டினார். சோப்பை நுரைத்துத் தாடையெல்லாம் தடவி, ஒரு பக்கக் கன்னத்தை வழித்தும் முடித்துவிட்டார். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். சொல்லாமலே முடித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய உடனே, கையில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு மச்சானுக்கும் இப்படித்தான் தோன்றியிருக்கும் என்று உறைத்தது. கத்தியைத் தட்டில் வைத்தார்.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். கண்ணைத் திறந்துக்குங்க."

எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை கலந்தது, எண் பாதியாகத் தெரிவது, தனக்கு வந்திருப்பது, மச்சான் பெருக்கிப் பார்த்தது வரைக்கும். பாதியில் உடம்பு அனலாகக் கொதித்தது. ஃபேனுக்கடியிலேயே சட்டை நனைந்தது. நிறுத்தவில்லை. "உங்களுக்கு இருக்கும்னு அர்த்தம் இல்லண்ணே. நேரா டாக்டர்கிட்டப் போய் இதைச் சாப்பிட்டேன்னு சொல்லுங்க, அது போதும்" என்று முடித்தார்.

இன்ஜின் அண்ணன் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"போன மாசம்தான் ரத்தம் பார்த்தேன்" என்றார். "மூணு சொச்சம். டாக்டர் நல்லா இருக்குன்னு கையைக் குலுக்கி அனுப்பினார்."

சலூன்காரருக்குப் பெருக்கத் தெரியும். 

"உனக்குத் தெரியாதுன்னு சொல்றே."

"சத்தியமாத் தெரியாதுண்ணே. என் மச்சான்..."

"உன் மச்சானை நான் பார்த்ததே இல்லையே. அவன் கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. நீ தலையைக் குனிஞ்சு காட்டினே, நான் வாங்கினேன்."

அண்ணன் நடுங்குகிற கையாலேயே போர்வையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். சலூன்காரர் உதவப் போனார். அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். முடிச்சை அவிழ்க்க அவருக்கு நேரம் பிடித்தது. துண்டை எடுத்து மீதி நுரையைத் தானே துடைத்துக்கொண்டார். ஒரு கன்னம் வழித்தும் ஒரு கன்னம் நரைமுடியோடும் எழுந்து நின்றார்.

"அண்ணே, இன்னொரு பக்கம்..."

"வேற எங்கயாவது எடுத்துக்கறேன்."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, அந்த அரைத்தாடியோடு, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் நடந்து போனார். சலூன்காரர் அவர் மறையும்வரை பார்த்தார். தன் மச்சானைத் தான் என்ன கண்ணால் பார்த்தோமோ அதே கண்ணால் இன்ஜின் அண்ணன் தன்னைப் பார்த்துவிட்டுப் போகிறார், இனி இந்த நாற்காலிக்கு வரமாட்டார் என்று அவருக்குத் தெரிந்தது. 

துணிக்கடைக்காரர் பேப்பரை மடித்தார். ஃபேன் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் கேட்டிருக்க வேண்டும். "என்னண்ணே, அவரு ஏன் பாதியில எழுந்து போறாரு? சண்டையா?"

சலூன்காரர் போர்வையை உதறினார்.

"உக்காருங்க" என்றார். "முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. சோப்புப் போடறதா வேண்டாமான்னு அப்புறம் நீங்களே சொல்லுங்க."